ஏழாம் இடத்துக்கும் சண்டை உண்டு: ஆன் ஆர்பர் பயணக் குறிப்புகள்

வியாழன், மார்ச் 2, 2023. ஐயோவா சிட்டி

நெப்ராஸ்காவின் லிங்கனிலிருந்து கிளம்பும்போது மணி பத்தரை. எட்டு மணிக்கே வண்டியை எடுத்துவிட வேண்டும் என்றுதான் பேச்சு. பையன் எழுந்ததே எட்டே முக்காலுக்கு. ஆன் ஆர்பர் ஏறக்குறைய 700 மைல். நிற்காமல் ஓட்டினாலும் பத்து, பதினோரு மணி நேரம் ஆகும். அதனால் வழியில் ஓர் இரவு தங்கல் என்று முன்பே முடிவு.

போவது பிக் டென் மல்யுத்த சாம்பியன்ஷிப் பார்க்க. இந்த முறை மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் கிறைஸ்லர் சென்டரில், சனியும் ஞாயிறும். எங்கள் ஊர் நெப்ராஸ்கா அணியும் இறங்குகிறது. அமெரிக்காவில் கல்லூரி விளையாட்டு ‘கான்ஃபரன்ஸ்’ என்ற கூட்டமைப்புகளாகப் பிரிந்து நடக்கும். ஒவ்வொரு கூட்டமைப்பும் தனக்குள் ஒரு சாம்பியன்ஷிப் நடத்தும், அதில் தேறியவர்கள் தேசியப் போட்டிக்குப் போவார்கள். பிக் டென்னில் இந்த 2022-23 பருவத்தில் 14 பல்கலைக்கழகங்கள். பெயரில் பத்து என்று இருப்பதைப் பற்றி யாரும் கவலைப்படுவதாகத் தெரியவில்லை. பதினான்கிலும் மல்யுத்த அணி உண்டு. 2007-லிருந்து நடந்த எல்லாத் தேசியப் போட்டிகளிலும் அணிப் பட்டம் இந்தக் கூட்டமைப்புக்குள்ளேயே சுற்றிக்கொண்டிருக்கிறது: மினசோட்டா, ஐயோவா, பென் ஸ்டேட், ஒரு முறை ஒஹையோ ஸ்டேட். ஆகவே வெறும் வட்டாரப் போட்டி என்று இதை நினைத்துவிடக் கூடாது.

நான் மல்யுத்தத்துக்குள் வந்தது பையனால். பள்ளியில் 126 பவுண்ட் பிரிவில் ஆடினான். ஒல்லியாக இருந்தவனைப் பார்த்து ‘எதற்குடா இது’ என்று வீட்டில் கேட்டோம். கூடைப்பந்துக்கு உயரம் வேண்டும், ஃபுட்பாலுக்கு உடம்பு வேண்டும், இதில் எந்த அளவு உடம்புக்கும் ஓர் இடம் இருக்கிறது என்றான். பதில் சரியாகத்தான் இருந்தது. கல்லூரியில் ஆடும் அளவுக்கு வரவில்லை. ஆனால் பார்க்கும் பழக்கம் இரண்டு பேரையும் விடவில்லை.

ஓமஹாவில் மிசூரி ஆற்றைத் தாண்டினால் ஐயோவா. 80-ம் எண் நெடுஞ்சாலை நேராகக் கிழக்கே போகிறது. மார்ச் மாதத்தில் வயல்களில் சோளத்தட்டையின் அடிக்கட்டைகள் மட்டும்தான். சிலருக்கு இந்த வழி அலுப்பு. எனக்குப் பிடிக்கும், பேச நேரம் கிடைக்கிறது. பையன் பாதி வழி தூங்கினான், மீதி வழி ஒவ்வொரு எடைப் பிரிவிலும் யார் யாரைச் சந்திப்பார்கள் என்று எனக்குப் பாடம் எடுத்தான்.

ஐயோவா சிட்டியில் இறங்கியதும் அறைக்குப் போகாமல் நேராக ஐயோவா பல்கலைக்கழகத்தின் கார்வர்-ஹாக்கை அரங்கத்துக்குப் போனோம். வெளியே டான் கேபிளின் சிலை இருக்கிறது. இவர் இந்த மாநிலத்தில் உள்ள வாட்டர்லூ ஊர்க்காரர். 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் எதிராளிக்கு ஒரு புள்ளிகூடக் கொடுக்காமல் தங்கம் வென்றார். பிறகு ஐயோவா பல்கலைக்கழகத்துக்கு 21 பருவங்கள் தலைமைப் பயிற்சியாளர். இருபத்தொன்றிலும் பிக் டென் பட்டம், தேசியப் பட்டம் 15. பள்ளியும் கல்லூரியும் சேர்த்து அவர் தோற்றது ஒரே ஆட்டம், 1970-ல், கல்லூரி வாழ்க்கையின் கடைசி ஆட்டத்தில். இங்கே குழந்தைகளுக்கு கேபிள் என்று பெயர் வைக்கிறார்கள். டோக்கியோவில் ஹெவிவெயிட் தங்கம் வென்ற மினசோட்டாவின் கேபிள் ஸ்டீவ்சனுக்குக்கூட அந்தப் பெயர் இவரிடமிருந்து வந்ததுதான்.

“எதிரி ஊர் சிலைக்கு முன்னால என்னப்பா போட்டோ?” என்றான் பையன். எடுத்துக்கொண்டேன்.

வெள்ளி, மார்ச் 3. ஆன் ஆர்பர்

காலையில் வால்காட்டில் நிறுத்தினோம். உலகத்திலேயே பெரிய லாரி நிறுத்தம் என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் ஐயோவா 80 அங்கேதான். உள்ளே பல் டாக்டர்கூட இருக்கிறார். கொஞ்ச தூரத்தில் மிசிசிபி. பாலத்தின் மேல் சில விநாடிகள்தான், ஆனாலும் ஒவ்வொரு முறையும் வண்டியின் வேகம் தானாகக் குறைகிறது. பிறகு இல்லினாய், சிகாகோவின் தெற்கு விளிம்பில் நெரிசல், கேரி நகரின் எஃகு ஆலைகள், 94-ம் எண் சாலை பிடித்து மிச்சிகன். இங்கே கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னே ஓடுகிறது. அந்த ஒரு மணி நேரம்தான் இன்றைக்கு எங்களைப் படுத்திய விஷயம்.

பனிப்புயல் வருகிறது என்று எச்சரிக்கை இருந்தது. அதற்கு முன் போய்ச் சேர்ந்துவிடலாம் என்ற கணக்கு கலமசூ வரை சரியாக இருந்தது. ஜாக்சனை நெருங்கும்போது ஆரம்பித்தது பாருங்கள். ஈரப் பனி, கனமான பனி, கண்ணாடியில் அப்பிக்கொள்ளும் ரகம். முன்னால் போகும் லாரியின் சிவப்பு விளக்கு மட்டும்தான் வழிகாட்டி. ஒரு கட்டத்தில் பனிக்குள் மின்னல் வெட்டி இடி இடித்தது. நெப்ராஸ்காவில் எத்தனையோ பனிக்காலம் பார்த்திருக்கிறேன், இடியோடு பனி பெய்து பார்த்ததில்லை. பையன் ரேடியோவை அணைத்துவிட்டு, “அப்பா, நீங்க மெதுவாவே போங்க, நான் பேசல” என்றான். அவன் பேசாமல் இருப்பது அபூர்வம் என்பதால் நிலைமை புரிந்தது.

விடுதியில் மின்சாரம் இருந்தது. வரவேற்பில் இருந்த பெண் அதைத்தான் முதலில் சொன்னார். பிப்ரவரி கடைசியில் வந்த பனிக்கட்டி மழையில் தென்கிழக்கு மிச்சிகனில் லட்சக்கணக்கான வீடுகள் நாள் கணக்கில் இருட்டில் கிடந்தன. அப்போது முறிந்து விழுந்த மரக்கிளைகளையே இன்னும் முழுக்க அப்புறப்படுத்தவில்லை, அதற்குள் அடுத்தது.

இரவு ஒன்பதரைக்குத் தண்ணீர் பாட்டில் வாங்கக் கீழே போனேன். படிக்கட்டில் இரண்டு இளைஞர்கள், தலையை மூடிய ஸ்வெட்டரோடு ஏறுவதும் இறங்குவதுமாக இருந்தார்கள். காது இரண்டும் பூக்கோசு போல உருண்டு தடித்திருந்தன. மல்லர்கள் என்று அடையாளம் காண வேறு எதுவும் தேவையில்லை. நாளைக் காலை எடை பார்ப்பார்கள், இன்னும் ஒரு பவுண்டோ ஒன்றரையோ குறைய வேண்டியிருக்கும். வணக்கம் சொன்னேன், தலையசைத்தார்கள். பேசக்கூட எச்சிலை வீணாக்காத வயிறு காய்ந்த மௌனம் அது. எங்கள் வீட்டில் அதைப் பல டிசம்பர்களில் பார்த்திருக்கிறேன்.

இதைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும், அதுவும் இந்த ஊரிலிருந்து எழுதும்போது.

1997 நவம்பர், டிசம்பரில், சில வார இடைவெளிக்குள், மூன்று கல்லூரி மல்லர்கள் எடை குறைக்கும் முயற்சியில் இறந்து போனார்கள். ஒருவர் வட கரோலைனாவில், ஒருவர் விஸ்கான்சினில், மூன்றாமவர் இங்கே, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில். வயது 21. ரப்பர் உடை அணிந்து, சூடேற்றிய அறையில் உடற்பயிற்சி சைக்கிள் மிதித்துக்கொண்டிருந்தார். குறைக்க வேண்டியிருந்தது 17 பவுண்ட்.

அதற்குப் பிறகுதான் விதிகள் மாறின. ரப்பர் உடைக்கும் நீராவி அறைக்கும் தடை வந்தது. முன்பெல்லாம் முந்தைய நாளே எடை பார்த்துவிடுவார்கள். ராத்திரி முழுக்கச் சாப்பிட்டுத் தண்ணீர் குடித்துத் தேறிக்கொள்ளலாம் என்பதால் எவ்வளவு வேண்டுமானாலும் குறைக்கத் துணிந்தார்கள். இப்போது போட்டிக்குச் சற்று முன்னால்தான் தராசு. எடைப் பிரிவுகளையும் உயர்த்தினார்கள். 118 பவுண்டில் தொடங்கியது 125 ஆனது, 126 இருந்த இடத்தில் 133 வந்தது. பருவத் தொடக்கத்தில் உடம்பில் நீர்ச்சத்து சரியாக இருக்கிறதா என்று பார்த்துவிட்டு, கொழுப்பு 5 சதவீதத்துக்குக் கீழே போகாத எடை எது என்று கணக்கிட்டு எழுதி வைக்கிறார்கள். அதற்கும் கீழே உள்ள பிரிவில் ஆட முடியாது. வாரத்துக்கு உடல் எடையில் ஒன்றரை சதவீதத்துக்கு மேல் குறைக்கவும் கூடாது.

விதி நன்றாக இருக்கிறது. படிக்கட்டும் இருக்கிறது. என் மனைவி இந்த விளையாட்டை இன்றுவரை முழு மனதோடு ஏற்றுக்கொள்ளவில்லை. பள்ளிக் காலத்தில் பொங்கலன்று பையன் சர்க்கரைப் பொங்கலைத் தட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு எழுந்து போன கதையை யார் வந்தாலும் சொல்வாள். அவள் சொல்வதில் நியாயம் இல்லை என்று என்னால் சொல்ல முடியாது.

போனில் கேட்டாள்: “அவன் சாப்பிட்டானா?” இரண்டு தட்டு சாப்பிட்டான் என்றேன்.

சனி, மார்ச் 4. ஆன் ஆர்பர்

காலையில் வானம் தெளிந்துவிட்டது. வண்டியைத் தோண்டி எடுக்க அரை மணி நேரம். மண்வெட்டியை விடுதிக்காரர்கள் கொடுத்தார்கள், தோண்டியது பையன்.

கிறைஸ்லர் சென்டருக்குப் பக்கத்திலேயே மிச்சிகன் ஃபுட்பால் மைதானம். 1,07,601 பேர் உட்காரலாம். அதைப் பார்த்துவிட்டு வந்தால் கிறைஸ்லர் சின்னதாகத் தெரிகிறது. 1967-ல் கட்டிய கூடைப்பந்து அரங்கம், பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் கொள்ளும். இன்று தரை முழுக்க மேட் (மல்யுத்தப் பாய்) விரித்து ஒரே நேரத்தில் பல ஆட்டங்கள். ஒரு மூலையில் கத்துவார்கள், திரும்புவதற்குள் இன்னொரு மூலையில் முடிந்துவிடும். முதல் சுற்றில் எதைப் பார்த்தோம் எதைத் தவறவிட்டோம் என்றே தெரியாது. அதுவும் ஒரு சுகம்தான்.

கூட்டத்தைப் பார்த்தால் ஐயோவாக்காரர்கள்தான் கண்ணில் படுகிறார்கள். கறுப்பும் மஞ்சளும். போட்டி எங்கே நடந்தாலும் அது அவர்கள் ஊர் என்ற நினைப்பு. பென் ஸ்டேட் ரசிகர்கள் அமைதி. வெல்வது பழகிப்போனவர்களின் அமைதி. அவர்கள் பயிற்சியாளர் கேல் சாண்டர்சன் கல்லூரியில் 159 ஆட்டம் ஆடி 159-ம் வென்றவர், ஏதன்ஸில் ஒலிம்பிக் தங்கம். நாங்கள் சிவப்புச் சட்டைக்காரர்கள், ஒரு பகுதியில் கொத்தாக. எங்களுக்கும் ஜோர்டன் பரோஸ் இருக்கிறார். நெப்ராஸ்காவில் படித்து, 2012 லண்டனில் தங்கம் வென்று, போன ஆண்டு ஆறாவது உலகப் பட்டமும் எடுத்தார். ஆனால் 2011-ல் பிக் டென்னில் சேர்ந்ததிலிருந்து அணிப் பட்டம் மட்டும் எங்களுக்கு வாய்க்கவில்லை.

நம் ஊரில் மல்யுத்தம் என்றால் பஜ்ரங், வினேஷ், ரவி தஹியா ஆடும் ஒலிம்பிக் ஃப்ரீஸ்டைல்தான் தெரியும். இது வேறு. ஃப்ரீஸ்டைலில் எதிராளியின் முதுகை ஒரு கணம் தரைப்பக்கம் திருப்பினாலே புள்ளி, வட்டத்துக்கு வெளியே தள்ளினாலும் புள்ளி. கல்லூரி முறையில் அடக்கி ஆள வேண்டும். எதிராளியைக் கீழே கொண்டுவந்து பிடிக்குள் வைத்தால் டேக்டவுன், இந்தப் பருவத்து விதிப்படி 2 புள்ளி. கீழே இருப்பவர் நழுவி எழுந்தால் அவருக்கு 1, மேலே கீழாகத் திருப்பிவிட்டால் 2. யார் எவ்வளவு நேரம் மேலே இருந்தார் என்று தனிக் கடிகாரம் ஓடுகிறது; ஒரு நிமிடம் அதிகமாக அடக்கி வைத்திருந்தால் முடிவில் ஒரு புள்ளி போனஸ். இரண்டு தோளையும் தரையில் அழுத்திப் பிடித்தால் அதோடு ஆட்டம் முடிந்தது. அந்த அடக்கும் கடிகாரம்தான் எனக்கு இந்த முறையில் மிகவும் பிடித்தது. பலம் இருப்பவன் ஒரு நொடியில் தூக்கிப் போட்டுவிடலாம். கீழே கிடப்பவன் எழ முயன்றுகொண்டே இருக்கும்போது ஒரு நிமிடம் தொடர்ந்து விடாமல் இருப்பது வேறு வித்தை.

இன்னொன்று: நடுவர் தீர்ப்பை எதிர்த்து வீடியோ பார்க்கச் சொல்ல, பயிற்சியாளர்கள் ஒரு பஞ்சுச் செங்கல்லை மேட் மேல் எறிகிறார்கள். கோபத்தின் அளவைச் செங்கல் விழும் தூரத்தில் தெரிந்துகொள்ளலாம்.

இந்த ஊருக்கும் நமக்கும் ஒரு பழைய கணக்கு இருக்கிறது. டோக்கியோ ஒலிம்பிக், 86 கிலோ, வெண்கலத்துக்கான ஆட்டம். தீபக் பூனியா கடைசி விநாடிகள் வரை முன்னிலையில் இருந்தார். முடிகிற நேரத்தில் காலைப் பிடித்துக் கீழே கொண்டுவந்து பதக்கத்தை எடுத்துக்கொண்டு போனவர் மைல்ஸ் அமீன். சான் மரினோ நாட்டுக்காக ஆடினாலும் அவர் இந்த மிச்சிகன் பல்கலைக்கழகத்தின் தயாரிப்பு. போன ஆண்டு இதே பிக் டென் எங்கள் லிங்கனில் நடந்தது. அப்போதும் 184 பவுண்டில் பென் ஸ்டேட்டின் ஆரன் புரூக்ஸை இறுதி ஆட்டத்தில் தோற்கடித்தார். அரங்கத்தில் நானும் இருந்தேன். தீபக்குக்காக வருத்தப்பட்டுக்கொண்டே கை தட்டினேன். மிச்சிகன் 143, பென் ஸ்டேட் 141.5. ஒன்றரைப் புள்ளியில் பட்டம், அதுவும் 1973-க்குப் பிறகு முதல் முறையாக.

அந்த ஒன்றரைப் புள்ளி எங்கிருந்து வரும் என்று கேட்டால், எங்கிருந்து வேண்டுமானாலும் வரும். வெற்றிப் பக்கத்தில் ஒரு சுற்று முன்னேறினால் அணிக்கு 1 புள்ளி. ஒரு முறை தோற்றவர்கள் ஆடும் பக்கத்தில் ஒரு சுற்று முன்னேறினால் அரை. எதிராளியின் தோளைத் தரையில் பதித்து வென்றால் கூடுதலாக 2. ஆக, பட்டம் வெல்ல வாய்ப்பே இல்லாத ஒருவன், சனிக்கிழமை மாலை பாதி காலியான அரங்கத்தில், தோற்றவர்கள் பக்கத்தில் ஒருவனைப் புரட்டிப் போட்டால் அதில் இரண்டரைப் புள்ளி இருக்கிறது.

ஆனால் அணிக் கணக்கைவிட அங்கே பெரிதாக ஒன்று இருக்கிறது. தேசியப் போட்டி இரண்டு வாரத்தில், ஒக்லஹோமாவின் டல்சாவில். ஓர் எடைப் பிரிவுக்கு 33 பேர், மொத்தம் 330. அதில் எந்த எடையில் எந்தக் கூட்டமைப்புக்கு எத்தனை இடம் என்று முன்னாலேயே பங்கு பிரித்திருப்பார்கள். ஓர் எடையில் பிக் டென்னுக்கு ஏழு இடம் என்றால், ஏழாவது வந்தவன் டல்சா போவான். எட்டாவது வந்தவன், மீதி இருக்கும் சில இடங்களுக்குக் குழு தன்னைத் தேர்ந்தெடுக்குமா என்று வீட்டில் உட்கார்ந்து காத்திருப்பான். நான்காம் ஆண்டு மாணவனாக இருந்தால் அவனுடைய மல்யுத்த வாழ்க்கை அந்த ஆட்டத்தோடு முடிந்திருக்கவும் கூடும். இந்தக் கல்லூரி முறை மல்யுத்தத்துக்குத் தொழில்முறைக் குழு, ஏலம் எதுவும் இங்கே இல்லை. ஆறு வயதில் பாயில் உருளத் தொடங்கியவன் இருபத்திரண்டில் ஏழாம் இடத்துக்கான ஆட்டத்தில் நிறுத்துகிறான்.

“அப்பா, எல்லாரும் ஃபைனல்ஸ் பாக்க வருவாங்க. நாம தோத்தவங்க பக்கம் பாக்கலாம்” என்று பையன் இரண்டு வருடமாகச் சொல்கிறான். இன்று மாலை அப்படித்தான் உட்கார்ந்தோம். பெயர் வேண்டாம், எங்கள் அணியும் இல்லை. காலையில் முதல் ஆட்டத்திலேயே தோற்ற ஒருவன், மூக்கில் பஞ்சு அடைத்துக்கொண்டு வந்து நின்றான். மூன்றாவது பகுதி, ஒரு புள்ளி பின்னால். கீழே இருந்து எழுந்தான், சமன். மேட்டின் ஓரத்தில் காலைப் பிடித்தான், எதிராளி ஒற்றைக்காலில் தத்தித் தத்தி வட்டத்தின் விளிம்பு வரை போனான். அங்கே விழுந்தான். நடுவர் இரண்டு விரல் காட்டினார். எங்களுக்கு முன் வரிசையில் ஒரு பெண்மணி இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டிருந்தார். கணவர் தோளைத் தட்டி, பார் பார் என்றார். அவர் பார்க்கவே இல்லை, முடிந்த பிறகும். அரங்கத்தில் கை தட்டியவர்கள் நூறு பேர்கூட இருக்காது.

எங்கள் பக்கம் நல்ல செய்தி. ஐந்து பேர் நாளைய இறுதி ஆட்டங்களில்! 125-ல் லியம் குரோனின், 141-ல் பிராக் ஹார்டி, 157-ல் பேட்டன் ராப், 174-ல் மைக்கி லாப்ரியோலா, 197-ல் சைலஸ் அல்ரெட். ஐந்து என்பது நெப்ராஸ்காவுக்குப் பெரிய எண். பயிற்சியாளர் மார்க் மேனிங் 2000-லிருந்து இந்த அணியைக் கட்டிக்கொண்டிருக்கிறார். முகத்தில் எதையும் காட்டாத மனிதர், இன்று இரவு லேசாகச் சிரித்த மாதிரி இருந்தது. பையன் இல்லை என்கிறான்.

இடைவேளையில் டெட்ராய்ட் தெருவிலுள்ள ஸிங்கர்மன்ஸ் போனோம், 1982-லிருந்து இருக்கிற சாண்ட்விச் கடை. பையன் ரூபன் என்ற சாண்ட்விச் வாங்கினான், இரண்டு கையாலும் பிடிக்க வேண்டிய அளவு. எனக்கு சூப். அந்தக் குளிருக்கு அது போதும்.

ஞாயிறு, மார்ச் 5. ஆன் ஆர்பர்

பகல் ஆட்டங்களுக்கு முதல் ஆளாகப் போய் உட்கார்ந்தோம். நேற்று மூக்கில் பஞ்சோடு வென்றவன் இன்று தோற்றான். அவன் எடையில் எத்தனை இடம் என்று பையன் போனில் பார்த்துச் சொன்னான். ஓர் இடத்தில் போய்விட்டது. மேட்டிலிருந்து இறங்கி, எதிராளியின் பயிற்சியாளரிடம் போய்க் கை கொடுத்துவிட்டு (இது இங்கே வழக்கம், தோற்றவனும் செய்தாக வேண்டும்), சுரங்க வழியில் போனான். முன் வரிசைப் பெண்மணி அதற்கு முன்பே எழுந்து போயிருந்தார்.

இப்போது நான் சொல்லப்போவது சிலருக்குப் பிடிக்காது. மாலை இறுதி ஆட்டங்கள் அவ்வளவு சுவாரசியமாக இல்லை. விளக்கை அணைப்பது, பாட்டு, அறிவிப்பாளரின் குரல், ஒரே ஒரு மேட், டிவி கேமராக்கள் என்று ஏற்பாடெல்லாம் பிரமாதம். ஆனால் இறுதிக்கு வந்தவர்கள் எல்லோரும் ஏற்கெனவே டல்சாவுக்குச் சீட்டு வாங்கியவர்கள். இரண்டு வாரத்தில் இதே ஆளை மறுபடி சந்திக்க வேண்டியிருக்கலாம் என்று தெரிந்தவர்கள். கையில் இருக்கும் வித்தையை எல்லாம் இன்றே காட்டிவிட அவர்களுக்கு அவசியமில்லை. பல ஆட்டங்களில் அந்த எச்சரிக்கை தெரிந்தது. பகலில் ஐந்தாம் இடத்துக்கும் ஏழாம் இடத்துக்கும் ஆடியவர்களிடம் அது இல்லை.

விதிவிலக்குகள் உண்டு. ஐயோவாவின் ஸ்பென்சர் லீ வரும்போது அரங்கமே எழுந்து நின்றது. 125 பவுண்ட், முழங்கால் பல முறை அறுவை சிகிச்சை பார்த்தது, மூன்று தேசியப் பட்டங்கள். இந்தப் பருவத்துக்கு முன் நான்கு எடுத்தவர்கள் நான்கே பேர்: பேட் ஸ்மித், சாண்டர்சன், லோகன் ஸ்டீபர், கைல் டேக். ஐந்தாவது ஆளாக டல்சாவில் முயல்கிறார். எங்கள் குரோனின் அவரிடம் தோற்றார். அதில் வெட்கம் எதுவும் இல்லை.

ஹார்டி ஐயோவாவின் ரியல் வுட்ஸிடம் தோற்றார். ராப் பென் ஸ்டேட்டின் லீவை ஹெயின்ஸிடம். ஹெயின்ஸ் முதலாம் ஆண்டு மாணவன், முகத்தைப் பார்த்தால் பள்ளிப் பையன் மாதிரி இருக்கிறான். லாப்ரியோலா கார்ட்டர் ஸ்டாரோச்சியிடம். எங்கள் பகுதியில் ஒவ்வொரு தோல்விக்கும் ஒரு வரிசை உட்கார்ந்தது. ஐந்தில் நான்கு வெள்ளி.

ஐந்தாவது, 197 பவுண்ட். எதிரில் பென் ஸ்டேட்டின் மேக்ஸ் டீன், போன ஆண்டின் தேசிய சாம்பியன். எங்கள் பக்கம் சைலஸ் அல்ரெட், கல்லூரி ஆட்டத்துக்கே புதுசு. நாங்கள் எதிர்பார்ப்பை எல்லாம் அதற்குள் சுருட்டி வைத்துவிட்டோம். பையன் மட்டும், “இவன் பயப்பட மாட்டான்ப்பா, பாருங்க” என்றான். பயப்படவில்லை. சாம்பியன் முன்னால் நிற்கிறான் என்ற மரியாதை அவன் ஆட்டத்தில் எங்கேயும் தெரியவில்லை. நேரம் முடிந்து கை தூக்கியபோது எனக்குப் பின்னால் இருந்த தாத்தா என் தோளைப் பிடித்து உலுக்கினார், முன்பின் தெரியாதவர். நானும் திருப்பி உலுக்கினேன்.

உள்ளூர்க் கூட்டத்துக்கான ஆட்டம் ஹெவிவெயிட். மிச்சிகனின் மேசன் பாரிஸ், பென் ஸ்டேட்டின் கிரெக் கெர்க்விலிட். பாரிஸ் இந்தப் பருவத்தில் தோற்கவில்லை. ஆனால் பிக் டென் பட்டம் மட்டும் அவருக்கு இதுவரை இல்லை. ஸ்டீவ்சன் இருந்த காலத்தில் இரண்டாம் இடத்தோடு திரும்பினார். இன்று சொந்த அரங்கத்தில் எடுத்தார். அந்தச் சத்தத்தில் வெள்ளிக்கிழமை இடி சின்ன விஷயம்.

அணிப் பட்டம் பென் ஸ்டேட்டுக்கு, 147 புள்ளி. ஐயோவா 134.5. நெப்ராஸ்கா மூன்றாவது. நான்கு தனிப் பட்டங்கள் பென் ஸ்டேட்டுக்கு: ரோமன் பிராவோ-யங், ஹெயின்ஸ், ஸ்டாரோச்சி, புரூக்ஸ். போன ஆண்டு லிங்கனில் ஒன்றரைப் புள்ளியில் விட்டதை வாங்கிக்கொண்டு போய்விட்டார்கள்.

வெளியே வரும்போது எங்கள் அணியில் ஏழு, எட்டாம் இடங்களுக்கு ஆடிய பையன்களின் பெற்றோர் சிலர் பேருந்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தார்கள். போட்டோ எடுக்கும் கூட்டம் முழுக்க அல்ரெட்டைச் சுற்றி. ஒரு அப்பா மட்டும் தன் மகனிடம் ஒரு டப்பாவை நீட்டினார். அவன் அங்கேயே திறந்து, நின்றபடியே சாப்பிட ஆரம்பித்தான். வீட்டில் செய்த பாஸ்டா. என் மனைவி இருந்திருந்தால் அந்த அம்மாவிடம் போய்ப் பேசியிருப்பாள்.

திங்கள், மார்ச் 6. திரும்பும் வழி

ஒரே நாளில் திரும்புகிறோம், இரண்டு பேரும் மாறி மாறி ஓட்டிக்கொண்டு. இழந்த ஒரு மணி நேரத்தை மாநில எல்லையில் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். இதை டே மாய்னுக்கு வெளியே ஒரு பெட்ரோல் பங்கில் உட்கார்ந்து எழுதுகிறேன். பையன் ஓட்டும் முறை, இப்போது டீ வாங்கப் போயிருக்கிறான்.

வழியெல்லாம் ஒரே பேச்சு: மீதி இடங்களுக்கு யாரைத் தேர்ந்தெடுப்பார்கள் என்பது. இந்த வாரமே அறிவித்துவிடுவார்களாம். மூக்கில் பஞ்சு வைத்தவனின் பருவக் கணக்கைப் பையன் எடுத்துப் பார்த்தான். நல்ல ஆட்களை இரண்டு மூன்று முறை தோற்கடித்திருக்கிறான், தரவரிசையும் மோசமில்லை, வாய்ப்பு இருக்கிறது என்கிறான். எங்கள் அணியே இல்லை, ஆனாலும் அவனுக்காகத்தான் போனைத் திறந்து திறந்து பார்க்கப் போகிறோம்.

லிங்கனிலிருந்து டல்சா ஏறக்குறைய 400 மைல், தெற்கே. அலுவலகத்தில் இன்னும் கேட்கவில்லை, வீட்டிலும்தான். வீட்டில் யார் பேச்சை ஆரம்பிப்பது என்று இனிமேல்தான் முடிவு செய்ய வேண்டும். பையன் நான்தான் கேட்க வேண்டும் என்கிறான். அவன் கேட்டால் முதல் கேள்வி சாப்பாட்டைப் பற்றி வரும் என்று பயம்.